பிரமிடு கற்கள் வெட்டியவையா, வார்த்தவையா?

வெண்மணல் எழுதியது:

வணக்கம் நண்பர்களே. ரெடிமிக்ஸ் காங்கிரீட் ஆலையில் தரக்கட்டுப்பாட்டுப் பிரிவில் வேலை பார்க்கிறேன். வரலாறு என் துறை இல்லை. ஆனால் அண்மையில் பார்த்த ஒரு காணொளி மண்டையைக் குடைகிறது.

கீசாவின் பெரிய பிரமிடில் இருப்பவை குவாரியில் வெட்டி இழுத்து வந்த கற்கள் அல்ல, இருந்த இடத்திலேயே அச்சுக் கட்டி வார்த்தவை என்று அதில் சொல்கிறார்கள். ஜோசப் டேவிடோவிட்ஸ் என்ற பிரெஞ்சு வேதியியலாளர் பல பத்தாண்டுகளாக இதைச் சொல்லி வருகிறாராம். களிமண் கலந்த மென்மையான சுண்ணாம்புக் கல்லை நீரில் ஊறவைத்துக் கூழாக்கி, நேட்ரான் உப்பும் சுண்ணாம்பும் சேர்த்து, மரச்சட்டத்துக்குள் கொட்டி இடித்தால் இறுகிக் கல்லாகிவிடும் என்பது அவர் வாதம்.

எங்கள் தொழில்காரனுக்கு இது உடனே பிடித்துப்போகும். இரண்டரை டன் கல்லைக் கயிறு கட்டி இழுப்பதைவிடக் கூடை கூடையாகக் கலவை சுமப்பது எவ்வளவு எளிது! இதை மறுக்க உறுதியான சான்று இருக்கிறதா? அல்லது பாடப்புத்தகத்தில் எழுதியாகிவிட்டது என்ற பிடிவாதம்தானா?

கல்லுளி எழுதியது:

என் தாத்தா காலத்திலிருந்து எங்களுக்குக் கல் குவாரித் தொழில். எகிப்தியலும் எனக்குத் தெரியாது, வேதியியலும் தெரியாது. ஆனால் கல்லைப் பார்த்தால் அது படுகையிலிருந்து பெயர்த்ததா இல்லையா என்று சொல்ல முடியும்.

பெரிய பிரமிடின் கீழ்வரிகளை நெருக்கத்தில் எடுத்த படங்களைப் பெரிதாக்கிப் பாருங்கள். பல கற்களில் கோடு கோடாகப் படிவு ஓடுவது தெரியும். மென்மையான அடுக்கு காற்றிலும் மணலிலும் அரித்துக் குழிந்திருக்கும். கெட்டியான அடுக்கு துருத்தி நிற்கும். கடலடியில் சேறு படிந்து படிந்து உண்டான கல்லுக்குத்தான் அப்படி வரும். சட்டத்துக்குள் கொட்டி இடித்த கலவையிலும் அடுக்கு விழும்தான். ஆனால் ஒரு கல்லின் கோடு பக்கத்துப் பாறையின் கோட்டோடு பொருந்துமா?

இரண்டாவது, அளவு. நான் அச்சுச் செய்தால் ஒரே அச்சைத்தான் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவேன். பெரிய பிரமிடில் வரிக்கு வரி உயரம் மாறுகிறது. அடிவரி ஏறத்தாழ ஒன்றரை மீட்டர். மேலே போகப் போகக் குறைந்துகொண்டே வந்து, 35ஆவது வரியில் திடீரென்று மறுபடி ஒன்றேகால் மீட்டருக்கு எகிறுகிறது. வார்ப்பவனுக்கு இந்தத் தலைவலி எதற்கு? குவாரிக்காரனுக்கு இதில் வியப்பே இல்லை. படுகை எவ்வளவு கனமாகக் கிடைக்கிறதோ அவ்வளவு கனத்தில்தான் கல் வரும். கனமான படுகை அகப்பட்டால் அந்த வரி உயரமாகிவிடும்.

பாப்பிரஸ் எழுதியது:

கல்லுளி சொன்ன "பக்கத்துப் பாறையின் கோடு" பற்றி ஒரு சேர்க்கை. கீசா மேட்டில் இதை உண்மையாகவே செய்து பார்த்திருக்கிறார்கள். ஸ்பிங்க்ஸ் சிலையைச் செதுக்கியபோது அதைச் சுற்றிப் பள்ளமாக வெட்டி எடுத்த கற்களைக் கொண்டுதான் எதிரே உள்ள ஸ்பிங்க்ஸ் கோயிலைக் கட்டினார்கள். 1980களில் தாமஸ் ஐக்னர் என்ற புவியியலாளரும் தொல்லியலாளர் மார்க் லேனரும் அந்தக் கோயில் கற்களின் படிவுகளை ஸ்பிங்க்ஸ் உடலின் படிவுகளோடு ஒப்பிட்டு, எந்தக் கல் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று அடையாளம் கண்டார்கள். அது காஃப்ரே என்ற அரசன் காலத்தது, அதாவது பெரிய பிரமிடுக்கு ஒரு தலைமுறை பின். ஆனால் அதே மேடு, அதே கல், அதே தொழில்முறை.

பெரிய பிரமிடுக்குச் சில நூறு மீட்டர் தெற்கே குவாரி இன்றும் பள்ளமாகக் கிடக்கிறது. கற்களுக்கிடையே ஆள் நின்று கொத்த விட்ட வாய்க்கால்கள் கூடத் தெரிகின்றன.

இன்னொன்று. கீசா சுண்ணாம்புக் கல்லில் நாணயம் போன்ற வட்ட வட்டமான கடலுயிர்ப் புதைபடிவங்கள் நிறைய உண்டு. நுமுலைட் என்பார்கள். கிரேக்கப் புவியியலாளர் ஸ்ட்ராபோ அங்கே போனபோது, வேலையாட்கள் தின்றுவிட்டுப் போட்ட பருப்பு கல்லாகிவிட்டது என்று ஊர்க்காரர்கள் சொன்னதாக எழுதிவைத்தார். கூழாக்கி வார்த்திருந்தால் இந்தப் படிவங்கள் கலைந்து தாறுமாறாகக் கிடக்க வேண்டும். பாறையில் படிந்திருக்கும் அதே வாக்கில்தான் கற்களிலும் இருக்கின்றன.

சந்தேகப்பிராணி எழுதியது:

இவ்வளவு எளிதில் தள்ளிவிடாதீர்கள். 2006இல் மிஷேல் பர்சூம் என்ற பொருளியல் பேராசிரியர், அமெரிக்காவின் ட்ரெக்சல் பல்கலைக்கழகத்துக்காரர், மின்னணு நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்துத்தானே சில மாதிரிகளில் இயற்கைக் கல்லில் இல்லாத பிணைப்பு இருப்பதாக எழுதினார்? அவர் ஒன்றும் யூடியூப் ஆள் இல்லையே.

அதை விடுங்கள். எனக்கு அடிப்படைக் கணக்கே உதைக்கிறது. 23 லட்சம் கற்கள், 20 ஆண்டுகள். ஒரு நாள் விடாமல், நாளுக்குப் பத்து மணி நேரம் வேலை என்று வையுங்கள். இரண்டு நிமிடத்துக்கு ஒரு கல்! செம்பு உளியும் மரச்சறுக்கும் வைத்துக்கொண்டு! இரும்பு கிடையாது, சக்கரவண்டி கிடையாது, கப்பி கிடையாது. யாராவது நேர்மையாக இதற்குப் பதில் சொல்லுங்கள். "அடிமைகள் லட்சக்கணக்கில் இருந்தார்கள்" என்ற பழைய பாட்டு வேண்டாம்.

மட்டக்கோல் எழுதியது:

கட்டுமானப் பொறியாளன் என்ற முறையில் இந்த "இரண்டு நிமிடம்" கணக்கைப் பார்த்தாலே எனக்கு எரிச்சல் வரும். கூட்டல் கழித்தல் சரிதான். ஆனால் ஒரே ஆள் ஒரே இடத்தில் நின்று வைப்பதுபோல் படம் காட்டுகிறது.

நாளொன்றுக்குச் சுமார் 315 கற்கள். அடிவரி ஒவ்வொரு பக்கமும் 230 மீட்டர். அது ஐந்து ஹெக்டேருக்கு மேற்பட்ட தளம். அங்கே ஒரே நேரத்தில் எத்தனை குழுக்கள் வேலை செய்யலாம்? 20 பேர் கொண்ட ஒரு குழு அருகிலுள்ள குவாரியிலிருந்து நாளுக்கு ஐந்து கல் கொண்டுவந்து சேர்க்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள் (இது என் ஊகம், யாரும் மேற்கோள் காட்டவேண்டாம்). 63 குழுக்கள், 1,260 பேர். நான் மூன்று மடங்கு நம்பிக்கையோடு கணக்கிட்டுவிட்டேன் என்று சொன்னாலும் நாலாயிரத்துக்குள் முடிகிறது. வெட்டுபவர்கள், செதுக்குபவர்கள், சரிவுப்பாதை போடுபவர்கள், தண்ணீர் சுமப்பவர்கள், ரொட்டி சுடுபவர்கள் எல்லாரையும் சேர்த்தால் 20,000, 25,000 என்று ஆய்வாளர்கள் சொல்லும் கணக்கில் வந்து நிற்கிறது. கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸ் சொன்ன ஒரு லட்சம் தேவையே இல்லை. அவர் எழுதியதே பிரமிடு கட்டி இரண்டாயிரம் ஆண்டுகள் கழித்து.

இதைவிட முக்கியமான ஒன்றை எல்லாரும் மறந்துவிடுகிறார்கள். பிரமிடு கூம்பிக்கொண்டே போகிற உருவம். மொத்தக் கன அளவு ஏறத்தாழ 26 லட்சம் கன மீட்டர். மொத்த உயரம் 146 மீட்டர். அதில் சரிபாதிக் கல் தரையிலிருந்து முதல் 30 மீட்டருக்குள்ளேயே அடங்கிவிடுகிறது! பாதி உயரம் போகும்போது, அதாவது 73 மீட்டரில், எட்டில் ஏழு பங்கு வேலை முடிந்துவிட்டது. உச்சியில் உள்ள கடைசிக் கால்வாசி உயரத்துக்குத் தேவையானது மொத்தத்தில் அறுபத்துநான்கில் ஒரு பங்கு. காலையில் ஒரு தாளில் வரைந்து கணக்குப் போட்டுப் பாருங்கள், எட்டாம் வகுப்புச் சூத்திரம்தான்.

"146 மீட்டர் உயரத்துக்கு 23 லட்சம் கல்லை ஏற்றினார்கள்" என்று சொல்வது வாய்க்கு நன்றாக இருக்கும். உண்மையில் பெரும்பாலான கற்கள் பத்துமாடிக் கட்டட உயரத்தைக்கூடத் தாண்டவில்லை.

நெறியாளர் எழுதியது:

வேற்றுக்கிரகவாசிகள் தொடர்பான பதிவுகள் "விந்தை மூலை"க்கு மாற்றப்பட்டுள்ளன. இந்த இழை கல், கலவை, கட்டுமானம் பற்றி மட்டும்.

வெண்மணல் எழுதியது:

மட்டக்கோல் ஐயா, அந்தக் கன அளவுக் கணக்கைப் போட்டுப் பார்த்தேன். மிகச் சரி. இது ஏன் எந்தக் காணொளியிலும் வருவதில்லை?

ஆனால் பர்சூம் கேள்விக்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. கற்களுக்கு நடுவே கத்தி நுழையாது என்கிறார்களே, அந்த இணைப்பு வெட்டிய கல்லில் வருமா?

கல்லுளி எழுதியது:

கத்தி நுழையாத இணைப்பு எந்தக் கல்லில் என்று முதலில் கேளுங்கள். இப்போது நாம் பார்க்கும் படிக்கட்டுப் போன்ற முகத்தில் கத்தி என்ன, கையே நுழையும். 1837இல் ஹோவர்ட் வைஸ் என்ற ஆங்கிலேயர் தெற்கு முகத்தில் வெடிமருந்து வைத்துக் குடைந்தார். (புதையல் வெறி. நல்லவேளை, உள்ளே வெகுதூரம் போகவில்லை.) அந்தக் குழிக்குள் பாருங்கள்: கோணல் மாணலான கற்கள், இடையே பெரிய இடைவெளிகள், அவற்றில் கல்சில்லும் சாந்தும் அள்ளி அடைத்திருக்கிறார்கள். எங்கள் ஊரில் மதில் கட்டினால்கூடக் கொத்தனார் அதைவிட ஒழுங்காகக் கட்டுவார்.

கத்தி நுழையாத வேலை வெளிப்போர்வையில்தான். அது வெள்ளைச் சுண்ணாம்புக் கல், உள்ளே இருக்கும் மஞ்சள் கல் இல்லை. ஃபிளிண்டர்ஸ் பெட்ரி என்ற ஆங்கிலத் தொல்லியலாளர் 1880களின் தொடக்கத்தில் அளந்தபோது மிஞ்சியிருந்த சில போர்வைக் கற்களின் இணைப்பு சராசரியாக அரை மில்லிமீட்டர். அந்தக் கல் மாவு போல் நுண்மையானது, செம்பு உளிக்கு இணங்கும். அடுத்தடுத்து வரும் இரண்டு கல்லை நெருக்கி வைத்து, இடையே ரம்பம் ஓட்டினால் இரண்டு முகமும் ஒன்றுக்கொன்று ஒத்துப் போகும். இன்றும் இப்படித்தான் செய்கிறோம். தேவையான இடத்தில் நகைவேலை, தேவையில்லாத இடத்தில் காட்டுவேலை. அதுதான் நல்ல மேஸ்திரிக்கு அழகு.

பாப்பிரஸ் எழுதியது:

இந்த இடத்தில்தான் பர்சூம் வாதம் சிக்கிக்கொள்கிறது. அவர் பிரமிடு முழுவதும் வார்த்தது என்று சொல்லவில்லை. போர்வைக் கற்களிலும் மேற்பகுதிக் கற்களிலும் ஒரு பங்கு வார்த்ததாக இருக்கலாம் என்பதே அவர் நிலைப்பாடு. அதே கற்களை ஆராய்ந்த மற்றப் பாறையியலாளர்கள் அது இயற்கைக் கல்தான் என்று பதில் எழுதினார்கள். நுண்ணோக்கிச் சண்டையில் நான் தீர்ப்புச் சொல்லத் தகுதியில்லாதவன்.

ஆனால் அந்தப் போர்வைக் கல்லை ஏற்றி வந்தவனின் நாட்குறிப்பு நம் கையில் இருக்கிறதே!

2013இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர் பியர் தாலே தலைமையிலான குழு செங்கடல் கரையில் வாடி அல்ஜர்ஃப் என்ற இடத்தில் பாப்பிரஸ் சுருள்களைக் கண்டெடுத்தது. இதுவரை கிடைத்த எழுதப்பட்ட பாப்பிரஸ்களில் மிகப் பழையவை. பெரிய பிரமிடைக் கட்டிய அரசன் குஃபுவின் ஆட்சியில் 13ஆவது கால்நடைக் கணக்கெடுப்புக்கு அடுத்த ஆண்டு என்று தேதியே இருக்கிறது. இரண்டாண்டுக்கு ஒருமுறை கணக்கெடுத்தார்கள் என்று கொண்டால் அவன் ஆட்சியின் 26 அல்லது 27ஆம் ஆண்டு. அப்போது பெரிய பிரமிடு முடிகிற கட்டம்.

மெரர் என்ற கண்காணிப்பாளர், அவருக்குக் கீழே சுமார் 40 பேர், ஒரு படகு. நைலின் கிழக்குக் கரையில் துரா குவாரியில் கல்லை ஏற்றுகிறார்கள். ஆற்றில் இறங்கி வெள்ளக் கால்வாய் வழியாகக் கீசாவுக்கு வருகிறார்கள், இரவு தங்குகிறார்கள், இறக்குகிறார்கள், வெறும் படகோடு திரும்புகிறார்கள். பத்து நாளைக்கு இரண்டு மூன்று நடை. கட்டம் கட்டமாகக் கோடு போட்டு, ஒவ்வொரு நாளும் எங்கே இருந்தோம், என்ன செய்தோம் என்று எழுதியிருக்கிறார். லாரி ஓட்டுநரின் டிரிப் ஷீட்டைப் பார்த்தவர்களுக்கு அந்த ஏடு அந்நியமாகத் தெரியாது.

நீர்வழியில் நுழையும் இடத்துக்குப் பொறுப்பாளர் பெயரும் வருகிறது: அங்காஃப், குஃபுவின் மாற்றாந்தாய்ச் சகோதரன். அவருடைய மார்பளவுச் சிலை பாஸ்டன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. மிக அழகான வேலை. பிரமிடு கட்டிய நிர்வாகி ஒருவரின் முகத்தை நாம் இன்று பார்க்க முடிகிறது என்பது எனக்கு எந்த ரகசிய அறையையும்விடப் பெரிய வியப்பு.

மெரர் ஏற்றியது கல். கல் என்றுதான் எழுதுகிறார், பொடி என்றோ மண் என்றோ எழுதவில்லை. துராவிலிருந்து வந்த வெள்ளைக் கல்தான் போர்வை. ஆகவே போர்வையைத்தான் வார்த்தார்கள் என்று சொல்பவர்கள் மெரரின் படகை எங்கே நிறுத்தப் போகிறார்கள்?

சந்தேகப்பிராணி எழுதியது:

சரி, சுண்ணாம்புக் கல்லை விட்டுவிடுகிறேன். பிரமிடுக்குள் உள்ள அரசன் அறை? அது கிரானைட். தென் எகிப்தின் அஸ்வானிலிருந்து 800 கிலோமீட்டருக்கும் மேல் வந்தது. கூரையில் ஒன்பது பாளங்கள், ஒவ்வொன்றும் பத்துக்கணக்கான டன். தரையிலிருந்து 43 மீட்டர் உயரத்தில் அந்த அறையின் தளம். அதற்கு மேலே இன்னும் ஐந்து அடுக்கு. செம்பால் கிரானைட்டைக் கீற முடியுமா? கல்லுளி, தொழில்காரர் நீங்களே சொல்லுங்கள்.

கல்லுளி எழுதியது:

செம்பால் கீற முடியாது. செம்பு வெட்டவும் இல்லை. வெட்டியது மணல்.

பல் இல்லாத செம்புத் தகடு, அதன் அடியில் குவார்ட்ஸ் மணல், இழுக்க ஆட்கள். மணல்தான் கிரானைட்டைத் தின்கிறது, தகடு வெறும் பிடி. தகடும் தேயும், அதனால்தான் செம்புக்கு அவ்வளவு கிராக்கி. டெனிஸ் ஸ்டாக்ஸ் என்பவர் அதே கருவிகளைச் செய்து அஸ்வானில் கிரானைட்டை அறுத்தே காட்டினார். மெதுவான வேலைதான், யார் இல்லை என்றது? அரசன் அறையில் உள்ள கிரானைட் சவப்பெட்டியிலேயே ரம்பம் தடம் மாறிப்போய், பின்வாங்கி, மறுபடி அறுத்த இடம் இருக்கிறது. பெட்ரி கவனித்து எழுதியிருக்கிறார். எனக்கு அந்தத் தடம் மிகவும் பிடிக்கும். நம் பட்டறையில் நடப்பதுதான்.

பாறையிலிருந்து பெயர்க்க டாலரைட் உருண்டை. கருப்புக் கல், கிரானைட்டைவிடக் கெட்டி. அதை இரண்டு கையால் தூக்கி இடித்து இடித்துத் தூளாக்குவது. அஸ்வானில் பாதியில் விட்ட பெரிய ஒற்றைக்கல் தூபியைச் சுற்றியுள்ள வாய்க்கால் முழுக்க அந்த இடித்த குழிவுகள்தான். ஆனால் அந்தத் தூபி குஃபுவுக்கு ஆயிரம் ஆண்டுக்கு மேல் பிந்தியது, இரண்டையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். குஃபு காலத்தில் பெரும்பாலும் மேலே வெடித்துத் தனியாகக் கிடந்த பாறைகளையே எடுத்துச் செதுக்கினார்கள். அஸ்வான் படங்களில் வரிசையாக ஆப்புக் குழி தெரிந்தால் அது இன்னும் பிற்காலம், இரும்பு வந்த பிறகு.

மட்டக்கோல் எழுதியது:

அரசன் அறைக்கு என் பங்கு. அந்த ஒன்பது பாளங்களிலும் தெற்குப் பக்கமாக விரிசல் இருக்கிறது. மேலே உள்ள ஐந்து அடுக்குகள் பாரத்தைத் தாங்க என்று சொல்வார்கள். கடைசியாக உச்சியில் கூரைபோல் சாய்த்து வைத்த சுண்ணாம்புக் கல் ஜோடிகள்தான் உண்மையில் பாரத்தைப் பக்கவாட்டில் தள்ளுகின்றன. நடுவில் உள்ளவை ஏன் ஐந்து? என் கண்ணுக்கு அது முன்னெச்சரிக்கை மிகுந்த பொறியாளன் வேலை. முன்மாதிரி இல்லாதபோது நாங்களும் கம்பியைக் கூடுதலாகத்தான் போடுவோம்.

அந்த அடுக்குகளில்தான் வேலைக்குழுக்கள் செங்காவியால் எழுதிவைத்த பெயர்கள் இருக்கின்றன, குஃபுவின் பெயரோடு. சில எழுத்துகள் தலைகீழாகக் கிடக்கின்றன. குவாரியில் எழுதிய பிறகு கல்லைப் புரட்டி வைத்திருக்கிறார்கள். வார்த்த கல்லுக்கு இது எப்படி வரும் என்று கேட்கலாம். ஆனால் கிரானைட் வார்த்தது என்று சொல்லும் அளவுக்கு இங்கே யாரும் போகவில்லை என்று நம்புகிறேன்.

இழுப்பதைப் பற்றி: தெய்ர் எல்பெர்ஷாவில் ஜெஹுதிஹோதெப் என்ற ஆளுநரின் கல்லறை ஓவியம், சுமார் கி.மு. 1900. பிரம்மாண்டச் சிலையைச் சறுக்குமரத்தில் கட்டி 172 பேர் நான்கு வரிசையாக இழுக்கிறார்கள். சறுக்கின் முனையில் ஒருவன் நின்று தரையில் நீர் ஊற்றுகிறான். நெடுநாள் அதைச் சடங்கு என்றார்கள். 2014இல் ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழக இயற்பியலாளர்கள் சோதித்தார்கள். சரியான ஈரம் இருந்தால் மணல் முன்னால் குவியாது, இழுக்கும் விசை பாதியாகிறது. தண்ணீர் கூடினால் மறுபடி சேறு. அந்த ஆள் வெறுமனே ஊற்றவில்லை, அளவு தெரிந்து ஊற்றினான்.

நெய்தல் எழுதியது:

இடையில் புகுவதற்கு மன்னிக்கவும். சென்ற ஆண்டு கெய்ரோ போயிருந்தோம். கீசா, சக்காரா, தஷூர் மூன்றும் பார்த்தோம். கீசா பிரமிடுகள் கம்பீரமாக நிற்கின்றன. ஆனால் மற்ற இடங்களில் பல பிரமிடுகள் வெறும் மண்மேடாகக் கிடக்கின்றன. தஷூரில் ஒன்று கருப்பாக உருகி வழிந்ததுபோல் இருந்தது. வழிகாட்டி "அதுவும் பிரமிடுதான்" என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட்டார். பின்னால் வந்தவர்கள் ஏன் மோசமாகக் கட்டினார்கள்?

பாப்பிரஸ் எழுதியது:

நல்ல கேள்வி, அக்கா. நீங்கள் பார்த்தது மூன்றாம் அமெனெம்ஹத்தின் பிரமிடு, மத்திய இராச்சியக் காலம், அதாவது குஃபுவுக்கு வெகுகாலம் பின். உள்ளே முழுக்கப் பச்சைச் செங்கல், அதாவது வைக்கோல் கலந்து வெயிலில் காயவைத்த நைல் மண். மேலே மட்டும் வெள்ளைக் கல் போர்வை. போர்வை இருந்தவரை யாருக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது. பிற்காலத்தவர் போர்வையை உரித்துக்கொண்டு போனதும் மழையும் காற்றும் மண்ணைக் கரைத்துவிட்டன. அதிலும் அந்தத் தஷூர் பிரமிடு அவன் காலத்திலேயே தளம் அமிழ்ந்து அறைகள் விரிசல் விட்டதால், ஹவாராவில் வேறொன்று கட்டிக்கொண்டான். ஹவாராவும் செங்கல்தான். ஆனால் அதன் சவ அறை ஒரே குவார்ட்சைட் பாறையில் குடைந்தது, நூறு டன்னுக்கு மேல். செங்கல்லால் கட்டியவர்களுக்குக் கல்வேலை தெரியாது என்று சொல்ல முடியாது. கல்லை எங்கே செலவழிப்பது என்பதில் அவர்கள் முடிவு வேறு.

ஐந்தாம், ஆறாம் வம்சத்துப் பிரமிடுகள் நடுவழி: சிறியவை, உள்ளே ஒழுங்கற்ற கல்லும் சில்லும். உனாஸ் பிரமிடு வெளியே குப்பைமேடு போல் இருக்கிறது. உள்ளே போனால் சுவர் நிறையச் சித்திர எழுத்து. பணம் வெளியிலிருந்து உள்ளே நகர்ந்துவிட்டது.

முன்னோடிகளும் சறுக்கியிருக்கிறார்கள். குஃபுவின் தந்தை ஸ்னெஃப்ருவின் வளைந்த பிரமிடு அதே தஷூரில்தான். கீழே 54 பாகைச் சரிவு, பாதியில் 43 பாகைக்குக் குறைத்துவிட்டார்கள். அடித்தளம் உறுதியான பாறை இல்லை, உள்ளே விரிசல் விட ஆரம்பித்தது. கீழ்ப்பகுதியில் கற்களை உட்பக்கம் சாய்த்து அடுக்கினார்கள், மேல்பகுதியில் கிடைமட்டமாக. அடுத்துக் கட்டிய சிவப்புப் பிரமிடை முதலிலிருந்தே 43 பாகையில், கிடைமட்ட வரிகளாகவே கட்டிவிட்டார்கள். பெரிய பிரமிடு வானத்திலிருந்து விழவில்லை. ஜோசரின் படிக்கட்டுப் பிரமிடிலிருந்து குஃபு வரை ஒரு நூற்றாண்டுக்குள் நடந்த தொடர் பரிசோதனை அது.

சந்தேகப்பிராணி எழுதியது:

எல்லாம் சரி. ஆனால் ஒரு கேள்வியை எல்லாரும் நாசூக்காகத் தாண்டிப் போகிறீர்கள். மேலே எப்படி ஏற்றினார்கள்? மெரர் படகோட்டி. அவர் கரையில் இறக்கியதோடு சரி. நேர் சரிவுப்பாதை என்றால் உச்சி வரை போக ஒன்றரைக் கிலோமீட்டர் நீளம் வேண்டும். அதன் கன அளவு பிரமிடோடு போட்டி போடும். அந்த மண்ணெல்லாம் எங்கே?

மட்டக்கோல் எழுதியது:

இதில் உங்களோடு பாதி உடன்படுகிறேன். உச்சி வரை நேர்ப்பாதை என்பதை இன்று தீவிரமாக யாரும் சொல்வதில்லை. ஆனால் முன்பு சொன்ன கணக்கை மறக்காதீர்கள். முதல் 30 மீட்டருக்கு ஒரு நல்ல சரிவுப்பாதை போட்டாலே பாதி பிரமிடு முடிந்தது. குவாரியிலிருந்து வரும் பாதையின் எச்சங்கள் தெற்கே கிடைத்திருக்கின்றன. சிங்கி என்ற இடத்துச் சிறு படிக்கட்டுப் பிரமிடில், வேலை பாதியில் நின்றுபோனதால், நான்கு பக்கமும் சரிவுப்பாதைகள் அப்படியே கிடக்கின்றன.

2018இல் ஹத்நூப் அலபாஸ்டர் குவாரியில் ஒரு பிரெஞ்சு, ஆங்கிலேயக் குழு அறிவித்த பாதை இன்னும் சுவையானது. மிகச் செங்குத்தான சரிவு, இருபுறமும் படிக்கட்டு, பக்கத்தில் கம்பம் நட்ட குழிகள். கம்பத்தில் கயிற்றைச் சுற்றி, படிக்கட்டில் நிற்பவர்கள் கீழ்நோக்கி இழுக்க, சறுக்கு மேலே ஏறும். குஃபு காலத்துக் குறிப்புகள் அங்கே உண்டு. பத்துக்கு ஒன்று என்ற மெதுவான சரிவு தேவையில்லை என்று ஆனால், உங்கள் ஒன்றரைக் கிலோமீட்டர் வெகுவாகச் சுருங்கிவிடும்.

அதற்கு மேலே? முகத்தைச் சுற்றிச் சுற்றிப் போன பாதையா, பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் ஜான்பியர் ஊடான் சொல்வதுபோல் உள்ளே ஓடும் சுருள்பாதையா, நெம்புகோலா, எல்லாம் கலந்ததா? சுற்றுப்பாதையில் எனக்குள்ள தயக்கம் மூலைகள்தான். நீண்ட பாளத்தை 90 பாகை திருப்புவது பெரும்பாடு. முகங்களை மூடிவிட்டால் விளிம்பு நேராக இருக்கிறதா என்று கண்பார்த்துச் சரிசெய்வதும் கடினம். உட்பாதைக்கு இதுவரை சான்று இல்லை. வானிலிருந்து வந்து கல்லையும் ஊடுருவும் மியூவான் துகள்களை வைத்து 2017இல் பிரமிடுக்குள் உள்ள பெரிய கூடத்துக்கு மேலே 30 மீட்டர் நீளமாவது இருக்கும் ஒரு வெற்றிடத்தையும், 2023இல் வடமுகத்துக்குப் பின்னால் 9 மீட்டர் தாழ்வாரத்தையும் உறுதி செய்தார்கள். இரண்டுமே சுருள்பாதை இல்லை.

சந்தேகப்பிராணி எழுதியது:

ஆக, தெரியாது என்கிறீர்கள்.

மட்டக்கோல் எழுதியது:

மேல் எட்டில் ஒரு பங்குக்கு எந்த வழியைப் பயன்படுத்தினார்கள் என்று தீர்மானமாகவில்லை. கீழ் எட்டில் ஏழு பங்கில் எனக்குக் குழப்பம் இல்லை. இரண்டையும் ஒரே "தெரியாது" மூட்டையில் கட்டாதீர்கள்.

வெண்மணல் எழுதியது:

எனக்கு ஒரு கேள்வி பாக்கி. சாந்து என்று கல்லுளி அண்ணன் சொன்னாரே, அது என்ன சாந்து? சுண்ணாம்பா?

பாப்பிரஸ் எழுதியது:

ஜிப்சம். உங்கள் துறைக்கு மிக நெருங்கிய இடம் இதுதான், வெண்மணல். பிரமிடில் உண்மையிலேயே கலந்து ஊற்றிய பொருள் ஒன்று உண்டென்றால் அது கற்களுக்கு நடுவே இருக்கிறது.

சுண்ணாம்புக் கல்லைச் சுட 900 பாகை செல்சியஸ் அளவு வெப்பம் வேண்டும். ஜிப்சத்துக்கு 150 சுற்றளவே போதும். விறகு அரிதான நாட்டில் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? சுண்ணாம்புச் சாந்து எகிப்தில் பரவியது கிரேக்க, ரோமானியர் காலத்தில்தான். டேவிடோவிட்ஸ் கருத்தில் எனக்குள்ள இன்னொரு தயக்கமும் இதுவே. கல்லை வார்க்க அவ்வளவு சுண்ணாம்பு வேண்டுமென்றால் அதைச் சுட்ட சூளைகளும் விறகும் எங்கே?

போர்வைக் கற்களில் சாந்து ஒட்டுவதற்காக மட்டும் இல்லை. ஈரச் சாந்தின் மேல் கனமான கல் வழுக்கி நகரும், கடைசி விரல்கடை அளவுக்குத் தள்ளிச் சேர்க்க அது உதவும். சூளை விறகின் கரித்துண்டுகள் சாந்தில் சிக்கியிருக்கின்றன. அவற்றைக் கார்பன் முறையில் 1984இலும் 1995இலும் ஆராய்ந்தார்கள். இரண்டாவது ஆய்வில் வந்த காலம் வரலாற்றுக் கணக்கைவிட நூறு இருநூறு ஆண்டுகள் முந்தியது. பழைய கட்டைகள், கழித்த மரச்சாமான்கள் எல்லாவற்றையும் அடுப்பில் போட்டிருப்பார்கள் என்பது பொதுவான விளக்கம். எப்படியானாலும் பத்தாயிரம் ஆண்டுப் பழமை என்பவர்களுக்கு அதில் இடமில்லை.

வெண்மணல் எழுதியது:

ஜிப்சம் என்றால் சீக்கிரம் இறுகிவிடுமே! கல்லைத் தள்ளிச் சேர்க்க அவகாசம் எப்படிக் கிடைத்தது? எங்கள் சிமெண்டிலேயே இறுகுவதைத் தாமதப்படுத்தத்தான் ஜிப்சம் சேர்க்கிறோம், ஆனால் சுட்ட ஜிப்சம் தனியாக என்றால் நிமிடக் கணக்கு.

கல்லுளி எழுதியது:

சுத்தமான ஜிப்சம் இல்லை அது. மணலும் சுண்ணாம்புக் கல் தூளும் கலந்தது. அரைகுறையாக வெந்ததும் வேகாததும் சேர்ந்தே இருக்கும். அப்படிப்பட்ட கலவை உங்கள் பொம்மை வார்க்கும் பொடி போல் சட்டென்று பிடிக்காது என்பது என் அனுபவம். எவ்வளவு நேரம் கொடுக்கும் என்பதை நீங்கள்தான் உங்கள் ஆய்வகத்தில் கலந்து பார்த்துச் சொல்ல வேண்டும்.

நெய்தல் எழுதியது:

மறுபடி போகலாம் என்று வீட்டில் பேச்சு நடக்கிறது. போர்வைக் கல்லைக் கண்ணால் பார்க்க எங்கே போக வேண்டும்? காஃப்ரே பிரமிடின் உச்சியில் இருப்பது எட்டாத உயரமாயிற்றே.

பாப்பிரஸ் எழுதியது:

பெரிய பிரமிடின் வடபக்க அடியில் சில கற்கள் மிஞ்சியிருக்கின்றன. மென்கவ்ரே பிரமிடின் கீழ்வரிகளில் கிரானைட் போர்வை, பல கற்கள் இன்னும் மழிக்கப்படாமல் முண்டும் முடிச்சுமாக. கல்லை வைத்த பிறகுதான் முகத்தைச் சமன்செய்தார்கள் என்பது அங்கே கண்கூடு. அதே பிரமிடின் வடமுகத்தில் ஒரு நீண்ட வடு உண்டு. 1196இல் சலாதீனின் மகன் அல்அஜீஸ் உத்மான் இடிக்கச் சொல்லி, எட்டு மாதம் முயன்று கைவிட்டது. நிறையப் போர்வை பார்க்க வேண்டுமென்றால் தஷூரின் வளைந்த பிரமிடுதான். அதில்தான் மிக அதிகமாக ஒட்டியிருக்கிறது.

கல்லுளி எழுதியது:

போகிறவர்கள் வளைந்த பிரமிடின் மூலைக்குப் போய்ப் பாருங்கள், அக்கா. போர்வை உரிந்த இடத்தில் கற்கள் உட்பக்கம் சாய்ந்திருப்பது பக்கவாட்டில் தெரியும். முடிந்தால் ஒரு படம் எடுத்து இங்கே போடுங்கள், கைபேசியைச் சாய்க்காமல்.